அணுகுண்டு என்ன செய்யும், எவ்வளவு செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு ஆயுதங்களைப் பற்றி எங்கே பேசினாலும் கேள்வி நேரத்தில் வருபவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். பாதிப் பேர் ஒரு குண்டு விழுந்தால் உலகமே முடிந்தது என்று நம்புகிறார்கள். மீதிப் பேர் அதைக் கொஞ்சம் பெரிய வெடி என்று நினைக்கிறார்கள். செலவு விஷயத்திலும் இதே கதை. ஆகவே கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்து, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முன்பகுதி பாதிப்புகளைப் பற்றியது, பின்பகுதி பணத்தைப் பற்றியது.

அணுகுண்டுன்னா ரொம்பப் பெரிய வெடிகுண்டு, அவ்வளவுதானே?

இல்லை. சாதாரண வெடிமருந்தில் அணுக்கள் பிரிந்து வேறு விதமாகச் சேர்கின்றன. அதில் வருவது வேதியாற்றல். அணுகுண்டில் அணுக்கருவே பிளக்கிறது. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் டிஎன்டி என்ற வெடிமருந்து சுமார் 17,000 டன் வெடித்ததற்குச் சமமான ஆற்றல் வரும். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. மற்றதெல்லாம் பிளக்காமலே சிதறிப்போனது.

அளவைவிட முக்கியமான வித்தியாசம் வெப்பநிலை. வேதிவெடியின் மையத்தில் சில ஆயிரம் டிகிரி இருக்கும். அணுகுண்டின் மையத்தில் கோடிக்கணக்கான டிகிரி. அதனால் ஆற்றலில் பெரும்பங்கு ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. காற்றில் வெடிக்கும் குண்டுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஏறத்தாழ பாதி அழுத்த அலை, 35 சதவீதம் வெப்பக்கதிர், 15 சதவீதம் கதிர்வீச்சு. அந்த 15-இல் 5 உடனடியாக வருவது, 10 பின்னால் வருவது. இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

கிலோடன், மெகாடன்னு சொல்றாங்களே, அது குண்டோட எடையா?

எடை இல்லை, வெளிவரும் ஆற்றல். ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டிஎன்டிக்குச் சமம், ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன்னுக்குச் சமம். ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன், மூன்று நாள் கழித்து நாகசாகியில் போட்டது சுமார் 21 கிலோடன்.

ஹிரோஷிமாவில் செத்தவங்க எல்லாரும் கதிர்வீச்சால்தானே செத்தாங்க?

பெரும்பாலானவர்கள் இல்லை. கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் காரணமாக, நெருப்பும் இடிபாடும் செய்த வேலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதற்கு நேர் கீழே தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி செல்சியஸ் வரை போனது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்குக்கூட, மூடாத தோல் வெந்தது. அடுத்து அழுத்த அலை மர வீடுகளைச் சாய்த்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்த காலை நேரம் அது. தனித்தனித் தீக்கள் ஒன்று சேர்ந்து தீப்புயலாக மாறின. இடிபாட்டில் உயிரோடு சிக்கியிருந்த பலரை எரித்தது இந்தத் தீதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் சுமார் 70,000 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. நாகசாகியில் போட்டது பெரிய குண்டு, ஆனால் இறந்தவர்கள் குறைவு. குண்டு உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்ததால் இடையே இருந்த குன்றுகள் நகரத்தின் ஒரு பகுதியை மறைத்தன.

கதிர்வீச்சு நோய் தனியாகவும் கொன்றது. வெளிக்காயமே இல்லாதவர்களுக்குச் சில நாள், சில வாரம் கழித்து முடி கொட்டியது, ரத்தம் கசிந்தது, பிறகு இறந்தார்கள். இவர்களைக் கவனிக்க ஆள் இல்லை என்பது இன்னொரு கொடுமை: ஹிரோஷிமாவின் மருத்துவர்கள், செவிலியர்களில் 90 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள் அல்லது காயம்பட்டிருந்தார்கள்.

ஹைட்ரஜன் குண்டு ஆயிரம் மடங்கு பெருசுன்னா, ஆயிரம் மடங்கு தூரம் அழியுமா?

அழியாது. அழுத்த அலை எல்லாத் திசையிலும், மேலேயும்கூடப் பரவுகிறது. அதனால் ஆற்றல் ஆயிரம் மடங்கு கூடினால் ஒரே மாதிரி சேதம் எட்டும் தூரம் பத்து மடங்குதான் கூடும். கணிதத்தில் கனமூலம் என்பார்கள். 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் ஒன்றியம் நோவாயா ஸெம்ல்யா தீவில் வெடித்தது சுமார் 50 மெகாடன். இதுவரை வெடித்ததில் அதுதான் மிகப் பெரியது. ஹிரோஷிமா குண்டைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல். அதன் அழுத்த அலை எட்டும் தூரமோ சுமார் 15 மடங்குதான். வெப்பம் மட்டும் இதைவிட வேகமாகத் தூரம் பிடிக்கும். ஆகவே பெரிய குண்டுகளில் தீக்காயமும் தீயும் முன்னால் வந்துவிடுகின்றன.

இந்தக் கனமூலக் கணக்கு புரிந்த பிறகுதான் ராணுவங்கள் ராட்சதக் குண்டுகளைக் கைவிட்டன. ஒரு மெகாடன் குண்டு ஒன்றைவிட, 100 கிலோடன் குண்டு பத்து இருந்தால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பைத் தரைமட்டமாக்கலாம். ஒரே ஏவுகணையில் பல குண்டுமுனைகளை வைப்பதற்கு இது ஒரு காரணம். குண்டு சின்னதாகிவிட்டது என்று செய்தியில் வந்தால் நிம்மதி அடைய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிச்சம் தெரிஞ்சா கதை முடிஞ்சது. அப்புறம் எதுக்குத் தரையில படுக்கச் சொல்றாங்க?

மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குப் படுப்பதால் பயன் இல்லை, உண்மை. ஆனால் காயம்படுபவர்களில் ஏராளமானோர் மையத்தில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடும். அழுத்த அலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பத்து விநாடிக்கு மேல் இருக்கிறது. அந்த நேரத்தில் மனிதர்கள் செய்வது என்ன? ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்ப்பதுதான்.

இதற்கு அணுகுண்டு இல்லாத சாட்சியே உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. பளிச்சென்ற ஒளியைப் பார்த்தவர்கள் ஜன்னலருகே நின்றார்கள். சுமார் இரண்டு நிமிடம் கழித்து அலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பலருக்கும் கண்ணாடிக் காயம். ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிக் குப்புறப் படுங்கள் என்ற பழைய அறிவுரையைக் கேலி செய்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கதிரியக்கத் தூசு விழுந்தா பல வருஷம் வெளியே வர முடியாதாமே?

தூசு எப்படி உண்டாகிறது என்பதில் தொடங்க வேண்டும். குண்டு உயரத்தில் வெடித்து, தீப்பந்து தரையைத் தொடாமல் இருந்தால் பக்கத்து ஊர்களில் விழும் தூசு குறைவு. தரையில் வெடித்தால் மண்ணும் கட்டடமும் ஆவியாகி, பிளவுப்பொருள்கள் (பிளந்த அணுக்கருக்களின் கதிரியக்கத் துண்டுகள்) அவற்றில் ஒட்டி, காற்றடிக்கும் திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரை விழும். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய சோதனையில் இது உலகத்துக்குத் தெரிந்தது. 6 மெகாடன் எதிர்பார்த்தார்கள், வந்தது 15. ரோங்கெலாப் தீவு மக்களை இரண்டு நாள் கழித்துத்தான் அப்புறப்படுத்தினார்கள். தடை செய்த எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் 23 பேரும் நோயுற்றார்கள். அதில் வானொலிக் கருவியை இயக்கியவர் அந்த செப்டம்பரில் இறந்தார்.

நல்ல செய்தி, இந்தத் தூசின் வீரியம் வேகமாகக் குறையும். எளிய விதி: நேரம் ஏழு மடங்கு ஆகும்போது கதிர்வீச்சு வீதம் பத்தில் ஒன்றாகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என்று இருந்தால், 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. ஆகவே முதல் 24 மணி நேரம் கனத்த சுவர்களுக்கு நடுவே, முடிந்தால் கீழ்த்தளத்தில், ஜன்னலும் கூரையும் எட்டி இருக்கும் இடத்தில் இருப்பதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு. காரில் ஏறித் தப்பி ஓடுவது பெரும்பாலும் தவறான முடிவு. காரின் தகடு எதையும் தடுக்காது, சாலையும் அடைத்திருக்கும். வெளியே போய் வந்திருந்தால் மேலாடையைக் கழற்றி, குளித்தாலே தூசின் பெரும்பகுதி போய்விடும்.

அயோடின் மாத்திரை வாங்கி வெச்சுக்கிட்டா போதுமா?

போதாது. அது தைராய்டு சுரப்பி ஒன்றை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். நிரம்பிய குடத்தில் மேற்கொண்டு தண்ணீர் நிற்காது, அந்தத் தத்துவம்தான்: நல்ல அயோடினால் சுரப்பி நிரம்பியிருந்தால் கெட்டது உள்ளே போகாது. வெளியிலிருந்து உடம்பை ஊடுருவும் காமா கதிருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன சுவர்தான் அதற்கு மருந்து.

ஹிரோஷிமாவுல இன்னைக்கு ஜனங்க வாழறாங்க, செர்னோபில்ல ஏன் முடியல?

அளவில்தான் விடை இருக்கிறது. ஹிரோஷிமாவில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு என்று முதல் பதிலில் பார்த்தோம். அதுவும் உயரத்தில் வெடித்ததால் பெரும்பகுதி மேலே போய் உலகம் முழுவதும் பரவிவிட்டது. செர்னோபில் உலையில் சுமார் 190 டன் எரிபொருள் இருந்தது. மாதக்கணக்கில் எரிந்து சேர்ந்த பிளவுப்பொருள்கள் அதற்குள் இருந்தன. 1986 ஏப்ரல் 26 அன்று உலை வெடித்த பிறகு பத்து நாள்போல அது தரையோடு தரையாகப் புகைந்தது. அதில் வந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும்.

ஹிரோஷிமாவில் மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கியது. இன்று அந்த நகரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். இதை வைத்து, அணுகுண்டு அவ்வளவு மோசமில்லை என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் வெடித்த குண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை ரோங்கெலாப் காட்டியாயிற்று.

பாதிக்கப்பட்டவங்க பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஊனமா பிறப்பாங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நிதானமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை உயிர் பிழைத்தவர்களுக்குப் பெரிய தீங்கு செய்தது. கல்யாணம் கிடைக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை, பலர் தாங்கள் எந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். குண்டுக்குப் பிறகு கருவான குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததில், பரம்பரைக் கோளாறு கூடியதற்குக் கண்டறியத்தக்க அளவில் சான்று கிடைக்கவில்லை.

வெடித்த நேரத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களின் நிலை வேறு. குறிப்பாகக் கரு 8 முதல் 15 வார வளர்ச்சியில் இருந்தபோது அதிக அளவு பட்டவர்களில் தலை சிறுத்தும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிறந்தவர்கள் உண்டு. பட்டவர்களுக்கே வரும் புற்றுநோயும் உண்மை. ரத்தப்புற்று சில ஆண்டுகளிலேயே கூடியது; மற்ற புற்றுநோய்கள் பத்தாண்டு கழித்து ஏறத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன.

ரொம்ப உயரத்துல வெடிச்சா செல்போன், கரண்ட் எல்லாம் போயிடுமாமே?

நடந்திருக்கிறது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஹவாயில் தெருவிளக்குகளில் ஒரு பகுதி அணைந்தது, எச்சரிக்கை மணிகள் தாமாக அடித்தன. மறுநாள் ஏவிய டெல்ஸ்டார் உள்ளிட்ட செயற்கைக்கோள்கள் கதிர்வீச்சில் கெட்டன. அப்போதைய கருவிகள் பல வெற்றிடக் குழாய் வால்வுகளால் ஆனவை. இன்றைய நுண்சில்லுகள் இன்னும் மென்மையானவை. உங்கள் கையிலிருக்கும் போன் ஒருவேளை தப்பலாம், ஆனால் கோபுரமும் மின்கட்டமைப்பும் போன பிறகு அந்தப் போனால் என்ன பயன்?

அணுக்குளிர்காலம் நிஜமா, இல்ல பயமுறுத்தறதுக்குச் சொன்னதா?

இயற்பியல் நிஜம், அளவில் சர்ச்சை. எரியும் நகரங்களின் கரிப்புகை மழை மேகங்களைத் தாண்டி அடுக்குமண்டலத்துக்குப் போனால், அதை மழை கழுவாது. வருடக்கணக்கில் சூரிய ஒளியை மறைக்கும். இதை 1983-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று கணித்து வெளியிட்டது. 2007-இல் வந்த ஆய்வுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவில் மொத்தம் நூறு குண்டுகளைப் போட்டுக்கொள்வதாக வைத்து, 50 லட்சம் டன் கரிப்புகை மேலே போனால் உலக வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் குறையும் என்றன. 2022-இல் வந்த மற்றோர் ஆய்வு, அமெரிக்காவும் ரஷ்யாவும் முழுவீச்சில் மோதினால் பட்டினியால் 500 கோடிப் பேருக்கு மேல் இறக்கலாம் என்றது.

எதிர்த்தரப்பு சொல்வது: எவ்வளவு எரியும், எவ்வளவு உயரம் போகும் என்ற ஊகங்கள் மிகையானவை. 1991-இல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது பயந்த அளவுக்கு எதுவும் ஆகவில்லை, புகை அவ்வளவு உயரம் போகவில்லை. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் குறைந்த மதிப்பீட்டையே எடுத்தாலும் நூறு நகரங்கள் எரிந்திருக்கும் என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு அணுகுண்டு என்ன விலை?

இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. குண்டின் விலையைக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் செலவில் குண்டு சின்னப் பங்கு. அமெரிக்காவில் 1940 முதல் 1996 வரை அணு ஆயுதத்துக்கு ஆன மொத்தச் செலவைப் புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் ஆய்வு 1998-இல் கணக்கிட்டது. 1996-இன் டாலர் மதிப்பில் சுமார் 5.5 லட்சம் கோடி டாலர். கழிவுச் சுத்திகரிப்பு போன்ற எதிர்காலச் செலவையும் சேர்த்தால் 5.8 லட்சம் கோடி. அதில் குண்டுகளைச் செய்ய ஆனது வெறும் 7 சதவீதம். பாதிக்கு மேல், 56 சதவீதம், குண்டைச் சுமக்கும் விமானம், ஏவுகணை, நீர்மூழ்கிக் கப்பல், அவற்றுக்கான ஆட்கள் ஆகியவற்றுக்குப் போனது.

இன்னொரு உதாரணம் பிரிட்டன். 1969 முதல் எந்நேரமும் ஒரு அணு ஏவுகணை நீர்மூழ்கியைக் கடலில் வைத்திருக்கிறது. ஒன்று கடலில் இருக்க வேண்டுமென்றால் நான்கு கட்ட வேண்டும்: ஒன்று பழுதுபார்ப்பில், ஒன்று பயிற்சியில், ஒன்று புறப்படும் தயாரிப்பில். புதிதாகக் கட்டும் நான்கின் மதிப்பீடு 3,100 கோடி பவுண்டு, கூடுதல் ஒதுக்கீடாக இன்னொரு 1,000 கோடி. கப்பலை ஓட்டும் செலவு தனி.

அணுகுண்டு இருந்தா பெரிய ராணுவமே வேண்டாம், செலவு மிச்சம்தானே?

1953-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் இப்படித்தான் நினைத்தார். தரைப்படை விலை கூடியது, குண்டு மலிவு என்பது அவர் அரசின் கொள்கை. தரைப்படையைக் குறைக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் இருந்த குண்டுகள் 1960-இல் 18,000-ஐத் தாண்டின. அவற்றைச் சுமக்க விமானங்கள், பிறகு ஏவுகணைகள், பிறகு நீர்மூழ்கிகள். எதிரியான சோவியத்தும் செய்தது, அதைப் பார்த்து மறுபடி செய்தார்கள்.

அணுகுண்டு பயன்படாத சண்டைகள் ஏராளம் என்பது இன்னொரு சிக்கல். எல்லைத் தகராறு, கிளர்ச்சி, கடல் கண்காணிப்பு, இதற்கெல்லாம் குண்டைக் காட்ட முடியாது. 1969-இல் உசூரி நதியில் சோவியத்தும் சீனாவும், 1999-இல் கார்கிலில் இந்தியாவும் பாகிஸ்தானும், கையில் அணுகுண்டை வைத்துக்கொண்டே துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டுதான் சண்டை போட்டன. எனவே இரண்டு செலவும் சேர்ந்தே நடக்கும்.

உலகம் முழுக்க இதுக்கு எவ்வளவு செலவாகுது?

ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் உலக நாடுகளின் ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர். உலகப் பொருளாதாரத்தில் 2.5 சதவீதம், தலைக்கு முன்னூறு டாலருக்கு மேல். அமெரிக்கா மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. அணு ஆயுதத்துக்கென்று ஒன்பது நாடுகளும் அதே ஆண்டில் செலவழித்தது சுமார் 10,000 கோடி டாலர் என்கிறது ஐகான் அமைப்பு. அணு ஆயுத ஒழிப்புக்காக 2017-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அமைப்பு அது. உலகில் இப்போது இருப்பவை 12,000-ஐ ஒட்டிய குண்டுகள். 1980-களின் நடுவில் சுமார் 70,000 இருந்தன. எண்ணிக்கை அப்படிக் குறைந்த பிறகும் செலவு ஏறுகிறது. புதுப்பிக்க ஆகும் பணம்தான் காரணம்.

அப்போ அணு ஆயுதத்தை ஒழிச்சா அந்தப் பணத்துல வறுமையை ஒழிச்சிடலாமே?

முந்தைய பதிலின் இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள்: மொத்த ராணுவச் செலவில் அணு ஆயுதத்தின் பங்கு நான்கு சதவீதத்துக்குள் வருகிறது. நான் அணு ஆயுத எதிர்ப்பாளன்தான். இருந்தாலும், ஒழித்தால் பணம் கொட்டும் என்ற வாதத்தைப் பயன்படுத்த மாட்டேன். அவற்றை எதிர்க்க வேண்டிய காரணம் முதல் பாதியில் இருக்கிறது, பட்ஜெட்டில் இல்லை. பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மிச்சம் 96 சதவீதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அதை வெளிப்படையாகப் பேசியவர் மேலே சொன்ன ஐசனோவரேதான், அவரே ஒரு தளபதி. 1953 ஏப்ரல் 16 உரையில், ஒரு நவீன குண்டுவீச்சு விமானத்தின் விலை முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் தலா ஒரு செங்கல் பள்ளிக்கூடம் என்று கணக்குச் சொன்னார். ராணுவச் செலவு வேலை தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். தரும். பள்ளி கட்டினாலும் வேலை தரும், கட்டி முடித்த பிறகு பள்ளியும் இருக்கும்.

மதிப்பீடு ஒண்ணு, கடைசியில் ஆகறது ஒண்ணுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். அமெரிக்கா தன் பழைய மினிட்மேன் ஏவுகணைகளுக்குப் பதிலாகக் கொண்டுவரும் சென்டினல் திட்டத்தின் மதிப்பீடு 2024-இல் சுமார் 14,000 கோடி டாலராக உயர்ந்தது, முன்பு சொன்னதைவிட 81 சதவீதம் கூடுதல். ஏறியதில் பெரும்பகுதி ஏவுகணையில் இல்லை. அதை வைக்கும் நிலத்தடிக் கிணறுகள், கட்டுப்பாட்டு அறைகள், கேபிள்கள் இவற்றில்தான். குண்டு சின்னப் பங்கு என்று சொன்னது மறுபடி இங்கே பொருந்துகிறது.

வர்ற ஏவுகணையை வானத்துலயே சுட்டுத் தள்ளிட்டா பிரச்சினையே இல்லையே?

சில நூறு கிலோமீட்டர் போகும் ஏவுகணைகளைத் தடுப்பது நடக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் பாய்பவை விநாடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் வருபவை, மொத்தப் பயணமே அரை மணி நேரம். வெற்றிடத்தில் நிஜக் குண்டும் பலூன் போன்ற பொய்க்குண்டும் ஒரே மாதிரிப் பறக்கும். அமெரிக்காவிடம் இதற்கென 44 இடைமறிப்பு ஏவுகணைகள் இருக்கின்றன. முன்கூட்டியே திட்டமிட்ட சோதனைகளிலேயே பாதிக்குச் சற்று மேல்தான் வெற்றி.

பணக் கணக்கிலும் தடுப்பவருக்கு நஷ்டம். தடுக்கும் ஏவுகணை ஒன்றின் விலைக்கு எதிரி பொய்க்குண்டுகளைக் குவிக்கலாம். 1983-இல் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் இந்தச் சுவரில்தான் முட்டியது. 2025-இல் 17,500 கோடி டாலர் என்று அறிவித்த தங்கக் குவிமாடம் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்புத் திட்டமும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குண்டைப் பிரிச்சுப் போட்டுட்டா செலவு நின்னுடுமா?

நிற்காது. குண்டுகளுக்காகப் புளூட்டோனியம் பிரித்தெடுத்த அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் கதிரியக்கக் கழிவு கிடக்கிறது, சில கசிந்தும் இருக்கின்றன. சுத்தம் செய்யும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது, இன்னும் பல பத்தாண்டு நடக்கும். கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் 456 சோதனைகள் நடத்தியது. 1991-இல் மூடினார்கள், நோய்கள் மூடவில்லை.

மேலே சொன்ன 5.8 லட்சம் கோடிக் கணக்கில் எனக்கு உறுத்துகிற வரி ஒன்று உண்டு. எதிரியின் குண்டிலிருந்து நாட்டைக் காக்கச் செய்த ஏற்பாடுகளுக்கு 90,000 கோடி டாலருக்கு மேல். சொந்தக் குண்டுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த ஈட்டுத்தொகை 210 கோடி.

உக்ரைன் குண்டைக் கொடுத்துட்டுதானே அடி வாங்குது?

சோவியத் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூரக் குண்டுமுனைகள் இருந்தன. ஆனால் ஏவும் குறியீடுகள் மாஸ்கோவிடம். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் கையெழுத்திட்டன. 1996-க்குள் குண்டுகள் போய்விட்டன. ரஷ்யா அந்த வாக்கை மீறியது என்பதில் மறுபேச்சு இல்லை. வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலே நான் சொன்ன செலவுப் பட்டியலை, அன்று பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த ஒரு நாடு தனியாகச் சுமந்திருக்க வேண்டும், இரு வல்லரசுகளின் எதிர்ப்போடு. எளிதான பதில் இல்லை. தானாகச் செய்து தானாகப் பிரித்த நாடு ஒன்று உண்டு, தென்னாப்பிரிக்கா, ஆறு குண்டுகள். 1993-இல் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் சொன்னபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது.

எண்பது வருஷமா உலகப் போர் வரலையே, அதுக்கு அணுகுண்டுதானே காரணம்?

பங்கு இருக்கலாம். ஆனால் இதை நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் குண்டில்லாத உலகத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. தெரிந்த சம்பவங்களோ வேறு மாதிரிப் பேசுகின்றன. 1961 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உடைந்த விமானத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் செயற்கைக்கோள் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்ட சூரிய ஒளியை அது அப்படிப் புரிந்துகொண்டிருந்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெட்ரோவ், ஐந்தே ஐந்தை அனுப்பி யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். அன்று வேறொருவர் பணியில் இருந்திருந்தால் என்று யோசித்தால், எண்பது வருடத்தின் பெருமையைக் குண்டுக்கு மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு செலவுக் கணக்கு சொல்றாங்க. எதை நம்பறது?

மூன்று விஷயத்தைப் பாருங்கள், குழப்பம் முக்கால்வாசி தீரும். முதலாவது, எந்த ஆண்டின் டாலர். முதல் குண்டுகளைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்கு ஆனது அன்றைய 200 கோடி டாலர். இன்றைய மதிப்பில் 3,000 கோடியை ஒட்டி வரும். இரண்டும் சரியான எண்கள்தான். இரண்டாவது, எத்தனை ஆண்டுக்கான கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 94,600 கோடி டாலர் என்று சொன்னது 2025 முதல் 2034 வரை பத்து ஆண்டுக்கு. தலைப்புச் செய்தியில் அந்தப் பத்து காணாமல் போய்விடும்.

மூன்றாவது, எதைச் சேர்த்தார்கள். ஒரே விமானம் சாதாரணக் குண்டும் போடும், அணுகுண்டும் போடும். அதன் விலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் நேர்மையான ஆட்களே முரண்படுவார்கள். கழிவு, ஓய்வூதியம், ஈட்டுத்தொகை ஆகியவை பல நாடுகளில் வேறு துறைகளின் பட்ஜெட்டில் ஒளிந்திருக்கும். சீனாவும் வட கொரியாவும் இதற்கெனத் தனிக்கணக்கு வெளியிடுவதே இல்லை, அங்கிருந்து வரும் எண்கள் எல்லாம் வெளியாட்களின் மதிப்பீடு.